மிச்சம் தொண்ணூறு சதுர அடி

1.

மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதக் காரணம் வயிற்றெரிச்சல். மற்றக் கதைகளுக்கு நான் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் உண்டு: பஸ்ஸில் ஒரு முகத்தைப் பார்த்தேன், ஒரு வரி மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று ஏதாவது. இதற்கு அதெல்லாம் இல்லை. என் ஓரகத்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் கட்டப் போகிறாள். அதற்கு அனுமதி வாங்கும் பிளானை நான்தான் போட்டுத் தர வேண்டும். போட உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதே மேஜையில், அதே விளக்கடியில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், அதிகம் பேர் இல்லை. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் என் வீட்டுக்காரர், தம்பி என் கொழுந்தன். கொழுந்தன் மனைவியைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நாற்பத்தைந்து தாண்டியும் அவள் சின்னவள்தான். நான் பெரியவள். மாமனார் விட்டுப்போன ஒரே மனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு, பின்னால் பொதுவாக ஒரு தோட்டம். மனையைப் பிரிக்கவில்லை. "நாங்க பாகம் பிரிக்காத குடும்பம்" என்று அண்ணனும் தம்பியும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். கதையின் வினை முழுக்க அந்தப் பெருமையில்தான் இருக்கிறது.

பகலில் ஓர் இன்ஜினியரிடம் வீட்டுப் பிளான் வரைகிற வேலை எனக்கு. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். எழுதுவது சாப்பாட்டு மேஜையில். தட்டை எடுத்தால் காகிதம் வரும், தட்டு வந்தால் காகிதம் போகும். இருபது வருஷமாக இப்படித்தான். என் கதைகளில் ஏன் எல்லோரும் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிறார்கள் என்று ஒரு விமரிசகர் வியந்து எழுதியிருந்தார். குழம்பு சூடு பண்ண எழுந்து போகிறார்கள் ஐயா, வேறெங்கே போகிறார்கள்.

2.

இனி ஆரம்பம். மூன்று எழுதினேன், மூன்றையும் அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டு வைக்கிறேன்.

"மழை விட்ட மாலையில், ஈரமான தோட்டத்தைப் பார்த்தபடி அவள் —"

(மழையே பெய்யவில்லை. இரண்டு வாரமாக வெயில் மண்டையைப் பிளக்கிறது.)

"பொறாமை என்பது மனித மனத்தின் ஆதி —"

(இதென்ன கட்டுரைப் போட்டியா?)

"அவள் பேராசைக்காரி."

(இது பிடித்திருந்தது. சின்ன வாக்கியம், நல்ல கனம். வெகுநேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் என்பதால்தான் அடிக்க வேண்டியதாயிற்று.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். விடுமுறை நாள், மத்தியானம், இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சின்னவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே தன் வீட்டுக்காரரிடம், தோட்டத்தில் தனக்கு ஒரு சின்ன ஷெட் வேண்டும் என்றாள். கொழுந்தன் எதற்கு என்று கேட்டார்.

"சும்மா உட்கார."

"சும்மா உட்காரவா?"

"ஆமா. கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உட்காரணும்."

கொழுந்தன் மென்று விழுங்கிவிட்டு, "சரி, போட்டுருவோம்" என்றார். என் வீட்டுக்காரர் உடனே, வெளியே எதற்குப் போக வேண்டும், உங்கள் அண்ணியே பிளான் போட்டுத் தருவாளே என்று என்னைத் தாரை வார்த்தார். ரசத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

சும்மா உட்காரவாம்! தையலுக்கு, படம் வரைய, பாட்டுக் கற்றுக்கொடுக்க என்று ஏதாவது ஒன்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு காரணம்கூட இல்லாமல் ஒருத்தி ஓர் அறையைக் கேட்கிறாள், கேட்ட இடத்திலேயே கிடைக்கிறது. அன்று மாலை பாத்திரம் தேய்க்கும்போது இரண்டு டம்ளர் நசுங்கியது. அதற்கு நான் பொறுப்பில்லை.

3.

ஷெட் கட்டுவது தகரத்தையும் நாலு கம்பத்தையும் வாங்கிப் போடுகிற காரியம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவும். (கொட்டகை என்று எழுதலாம்தான். எழுதினால் உள்ளே மாடு நிற்கிற ஞாபகம் வருகிறது. ஷெட் என்றே இருக்கட்டும்.)

எங்கள் தெரு குடியிருப்பு மண்டலம். இங்கே ஷெட் வீட்டுக்கு முன்னால் வரக் கூடாது, பின்னால்தான். நூறு சதுர அடிக்குள் இருந்தால் முழுக் கட்டட அனுமதி வேண்டாம், எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் பிளான் போதும். கரண்ட் இழுத்தால் அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தால் அது ஷெட் இல்லை, வீடு. பக்கத்து எல்லையிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும்.*

* அந்த ஐந்தடியைச் சுவரிலிருந்து அளக்க மாட்டார்கள், கூரையின் விளிம்பிலிருந்து அளப்பார்கள். என் தொழிலில் சறுக்குகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள். சுவர் சரியாக ஐந்தடியில் நிற்கும், கூரை ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கவுண்டரில் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். கட்டி முடித்த பிறகு ஆய்வாளர் வந்து அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் இடிக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி 'உபயோகம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் வாங்கமாட்டார்கள். போன வாரம் சின்னவளையும் கூட்டிக்கொண்டு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருப்பவர் எனக்குப் பழக்கமானவர். உபயோகம் என்ன என்று அவர் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் இவள், சும்மா உட்கார என்று சொல்லிவிட்டாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு உபயோகமே கிடையாதும்மா. சாமான் வைக்கத்தான் ஷெட். ஆள் உட்கார்ந்தா அது அறை. அறைன்னா ஜன்னல், காத்தோட்டம், அஸ்திவாரம் எல்லாத்துக்கும் வேற கணக்கு."

சின்னவள் யோசித்தாள். "நாற்காலி சாமான்தானே சார்?"

"சாமான்தான்."

"அப்ப நாற்காலி வைக்கன்னு எழுதிக்கோங்க. வச்ச நாற்காலியில உட்காரக் கூடாதுன்னு ரூல் இருந்தா சொல்லுங்க, நின்னுக்கறேன்."

அந்த மனிதர் சிரித்தார். வாசகரே, இந்த இடத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது வருஷமாக அந்தக் கவுண்டருக்குப் போய்வருகிறேன். கோடு பிசகாமல், கணக்குப் பிசகாமல் பிளான் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இவள் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாள், ஆள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். வரைபடத்தில் மனையின் மொத்த அளவு தெளிவாக இல்லை, இன்னொரு பிரதி எடுத்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார். எதிர்க்கடையில் நகல் எடுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

4.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், ஒரே ஒரு கணக்கு.

ஒரு மனையில் இவ்வளவு பங்குதான் கட்டடம் மூடலாம், மிச்சம் வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் மனையில் இரண்டு வீடும், படிக்கட்டும், கார் நிறுத்தும் இடமும் போக, இன்னும் மூடக்கூடியது தொண்ணூறு சதுர அடி. சின்னவளின் ஷெட் எட்டுக்குப் பத்து. அது வந்துவிட்டால் மிஞ்சுவதில் ஒரு கோழிக்கூடு கட்டலாம். பாகம் பிரித்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பிரித்தால் இரண்டு மனையும் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும், அப்புறம் இருக்கிற வீட்டுக்கே ஆபத்து. ஆக, எங்கள் தோட்டத்தில் ஒரே ஓர் அறைக்குத்தான் இடம். அவள் கட்டினால் நான் ஒருநாளும் கட்ட முடியாது.

அதை வேறு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தொண்ணூறு சதுர அடியை முந்தானையில் முடிந்து வைத்த காசு போல வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்தேன். இன்ஜினியரிடம் வேலை நேரத்தில் பாழாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் என் அறையை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! எட்டுக்குப் பத்து. மரத்தடியில். வீட்டைப் பார்க்காத பக்கம் ஒரு ஜன்னல். உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் பிளானில் காட்ட வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதை வரைவேன்.

பிறகு ஏன் கட்டவில்லை? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்றிருந்தேன். அது முடிந்ததும் மாமியாரின் மருத்துவம். அதற்குப் பிறகு ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் கேட்க எனக்குக் கூச்சம். யாரும் என்னைத் தடுக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. யாராவது தடுத்திருந்தால் அவர்களைத் திட்டி ஒரு நல்ல கதை எழுதியிருப்பேன்.

5.

பாத்திரத்தில் குறை இருக்கிறது. சின்னவளை நான் சரியாக எழுதவில்லை.

முதல் பிரதியில் அவளைச் சோம்பேறியாக்கினேன். ஆனால் இரண்டு வீட்டுக்கும் காலையில் தண்ணீர் பிடித்து வைப்பது அவள்தான். இரண்டாவதில் தளுக்குக்காரியாக்கினேன். "அவள் தன் வளையல்களை ஒரு தினுசாகக் குலுக்கிக்கொண்டு —" (அவள் வளையலே போடுவதில்லை.) மூன்றாவதில் அவளுக்கு என்மேல் பொறாமை என்று எழுதினேன். அந்தப் பிரதி ஜோராக ஓடியது. திரும்பப் படித்தபோது தெரிந்தது, அவள் பேசுகிற ஒவ்வொரு வரியும் என்னுடையது.

அவளிடம் எனக்கு எதன்மேல் எரிச்சல் என்று நேராகவே சொல்கிறேன். பஸ்ஸில் ஏறியதும், ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துக்கறேனே என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். உப்பு இல்லை என்றால் இல்லை என்பாள். மத்தியானம் தூங்கினால் தூங்கினேன் என்று சொல்வாள். நானோ கண்ணைக் கசக்கிக்கொண்டு, சும்மா படுத்திருந்தேன் என்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கும் வாய் இருக்கிறது, மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கத்தான் அது திறக்கிறது.

இரண்டு நாள் முன்பு என் வீட்டுக்காரரிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். எழுதுகிறவர்களுக்குத் தனி அறை இருந்தால் நல்லது என்று சொல்கிறார்கள், என்றேன். சொல்கிறார்கள் என்றால் யார் என்றார். பொதுவாகத்தான் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மிகவும் அன்பாக, கொஞ்சம் வருத்தத்தோடுகூட, "நீ கேட்கவே இல்லையே? கேட்டிருந்தா கட்டிக் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார்.

நல்ல மனிதர். அந்த நிமிஷம் அவர் தலையில் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

6.

முடிவுகள். எல்லாவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

முதலாவது. பெரியவள் பிளான் போடுகிறாள். ஐந்தடியைச் சுவரிலிருந்து அளக்கிறாள், கூரை விளிம்பிலிருந்து இல்லை. கவுண்டரில் யாரும் கவனிக்கவில்லை. ஷெட் எழும்புகிறது, சின்னவள் நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறாள், ஆய்வாளர் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார். இடி. இதை நான் ரசித்து ரசித்து எழுதினேன், ஆய்வாளருக்கு மீசைகூட வைத்தேன். கடைசியில் தகரத்துக்கு நடுவில் சின்னவள் உட்கார்ந்து அழ வேண்டும். எவ்வளவு முயன்றும் அவள் அழவில்லை. "சரி, கூரையை வெட்டிக்கிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். என் கதையிலேயே என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறாள்.

இரண்டாவது. பகிர்ந்துகொள்கிறார்கள். காலையில் அக்கா எழுதுகிறாள், சாயங்காலம் தங்கை போல ஒருத்தி சும்மா உட்கார்கிறாள், பத்திரிகை ஆசிரியர் உருகிப்போகிறார். நடக்காது. என்னை எனக்குத் தெரியும். இரண்டாம் வாரமே, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் வாரம் அவளுக்கு அங்கேயே டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலாம் வாரத்திலிருந்து அதைச் சொல்லிக்காட்டுவேன்.

மூன்றாவது. நான் செத்துப்போகிறேன். ஷெட்டில் என் படத்தை மாட்டுகிறார்கள். (இது கொஞ்சம் அதிகம். ஆனாலும் எழுதும்போது கண் கலங்கியது.)

7.

இந்த மூன்றில் ஒன்றை வைத்து முடித்திருப்பேன். நேற்று மத்தியானம் எல்லாம் கெட்டது.

தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவள் வந்து, பிளான் ஆயிற்றா என்று கேட்டாள். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இனிச் சொல்லாமல் இருப்பது அயோக்கியத்தனம் என்று எனக்கே பட்டது. வாளியிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், இந்த மனையில் ஒரே ஒரு ஷெட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, உனக்குத் தெரியட்டும் என்று சொன்னேன்.

"தெரியும்கா" என்றாள்.

நான் நகல் எடுக்கப் போயிருந்தபோது கவுண்டர்க்காரர் சொல்லிவிட்டாராம்: இதற்கு மேல் இந்த மனையில் எதுவும் கட்ட முடியாது, வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. ஒரு வாரமாக நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளாம். இது எனக்குப் புதிது. ஒரு வாரமாக நான் கதையில் அவளைச் சோம்பேறியாகவும் தளுக்குக்காரியாகவும் மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போர்வையின் மறுமுனையைப் பிடித்து என்னோடு சேர்ந்து பிழிந்தபடி கேட்டாள்:

"உங்களுக்கு வேணுமாக்கா?"

என் பக்கத்து முனையை இன்னொரு முறுக்கு முறுக்கினேன்.

"வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் விட்டுடறேன். எனக்கு வருத்தமாத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா விட்டுடுவேன். சொல்லலைன்னா கட்டிக்குவேன். கட்டின அப்புறம் காலம்பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

வேணும். மூன்றே எழுத்து, இரண்டைக் குறைத்தால் வெறும் மூச்சு. அவ்வளவு சின்ன வார்த்தை. என் கதைகளில் பெண்கள் புருஷனை விட்டுப் போயிருக்கிறார்கள், நடுக்கூடத்தில் நின்று நியாயம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவள் நான்.

"எனக்கெதுக்குடி இந்த வயசுல" என்றேன்.

 அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கம் எடுத்துவிட்டுப் போனாள்.

8.

வாசகரே, உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு இப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான். தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இனி வருவது உங்களுக்கு இல்லை.

ஒன்றை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். நான் எழுதுவதை இந்த இரண்டு வீட்டிலும் படிக்கிற ஒரே ஆள் சின்னவள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் கையெழுத்துப் பிரதியாகவே வாங்கிப் படித்துவிடுவாள். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பாள். அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் நீங்கள் அவள் பக்கம் போயிருப்பீர்கள், எனக்கு ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீர்கள்.

சின்னவளே, பிளானைப் போட்டு முடித்துவிட்டேன். கூரை விளிம்பிலிருந்துதான் அளந்திருக்கிறேன். யார் கட்டினாலும் அது நிற்கும். யார் கட்டுகிறார்கள் என்ற இடத்தை மட்டும் எழுதவில்லை. பிளானோடு இந்தத் தாள்களையும் சேர்த்து உன் வீட்டில் கொண்டுவந்து வைக்கப் போகிறேன். நான் அடித்த வரிகளையும் படி, சோம்பேறி என்று எழுதியதையும் படி. கோபம் வந்தால் கோபப்படு.

இதை எழுதினால் ஒரு முடிவு வந்துவிடும் என்று நினைத்தேன். நீ விட்டுக்கொடுப்பதாக எழுதினால் உன்னைப் பார்க்க எனக்கு வெட்கம். நீ கட்டிக்கொள்வதாக எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது, இன்னும் எரிகிறது, நல்ல மனசெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆகையால் முடிவை நான் எழுதப்போவதில்லை.

எழுதுவதற்குத்தான் அறை என்றுகூடச் சொல்ல மாட்டேன். காரணம் சொன்னால் நீ காரணத்துக்காகக் கொடுப்பாய். நேற்றுத் துணிக்கொடியடியில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய்.

எனக்கு வேணும்.

கேட்டுவிட்டேன். இனி நீ சொல்லு.